ராக்கெட்டைத் தள்ளிவிட்டவர்

போன மாதம் அமெரிக்காக்காரர்களின் விண்வெளி ஓடம் ஏழு பேரோடு வானத்திலேயே வெடித்துச் சிதறியது. செய்தி வந்த அன்று எங்கள் தெருமுனை டீக்கடையில் பேப்பரை உரக்கப் படித்துக்கொண்டிருந்தேன். அந்த ஏழு பேரில் ஒருவர் பள்ளிக்கூடத்து டீச்சர் என்று படித்தபோதும் ஒருவர் வாயிலிருந்தும் ‘ஐயோ’ வரவில்லை. “எவன் வேலைடா இது?” என்றுதான் முதல் குரல் வந்தது. ரஷ்யாக்காரன் என்றார் ஒருவர். உள்ளேயே ஆள் இருந்திருப்பான் என்றார் இன்னொருவர். பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

இதே கேள்வியை இதே பெஞ்சில் ஏழு வருஷத்துக்கு முன்னாலும் கேட்டார்கள். அப்போது அதற்கு ஒரு மனிதர் பதில் சொன்னார். அவருக்கு இந்த ஊர் செய்ததை எழுதாமல் இனி அந்தக் கடையில் என்னால் டீ குடிக்க முடியாது.

தெருவில் எல்லோருக்கும் அவர் பாய். கோயிலின் மேற்கு வாசலான பேகோபுரத்துக்குப் பின்னால் எங்கள் தெரு. முனையில் அவருடைய அப்பாவின் தகரக் கடை. கார்த்திகை பிறந்தால் மலை மேல் ஏற்றுகிற தீபத்துக்கு நெய் நேர்ந்துகொண்டவர்கள் டின்னைத் தூக்கிக்கொண்டு அந்தக் கடைக்குத்தான் வருவார்கள். ஏறுகிற வழியில் ஒரு சொட்டும் சிந்தாதபடி மூடியைச் சுற்றி ஈயம் வைத்துக் கொடுப்பார் பெரியவர். பாய் தகரத்தை விட்டு இரும்புக்குப் போனார், வெல்டிங் கற்றுக்கொண்டார். ஒல்லியான ஆள். நெருப்புப்பொறி பட்டுப் பட்டு முன்கை முழுக்கப் புள்ளி. ஏதாவது சொல்லப்போகும் முன் அந்தப் புள்ளிகளை ஒரு தடவை தடவிக்கொள்வார்.

அப்படித் தடவிக்கொண்டு அவர் சொல்வது பெரும்பாலும் ஒரே வார்த்தைதான்: “நான்தான்.”

தெருக்குழாயடியில் இரண்டு பெண்கள் குடத்துக்காக மல்லுக்கு நிற்கிறார்கள் என்று வையுங்கள்.

“உன் கொடத்த எட்டி ஒதைக்கணும்னு எனக்கு இன்னாடி வேண்டுதலா?”

“பின்ன கொடம் தானா நடந்துபோயி கவுந்துகிச்சா?”

அந்த நேரம் பார்த்து பஸ் ஸ்டாண்டிலிருந்து தோளில் பையோடு பாய் வருவார். நின்று, கையைத் தடவிக்கொண்டு, “நான்தான் யக்கா. பை இடிச்சிடுச்சி, பாக்கல” என்பார்.

“நீ இப்பதான்டா தெருவுக்குள்ளயே நொழையிற!”

“அப்ப நொழையறதுக்கு முன்னாடியே இடிச்சிட்டேன் போல.”

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிடும். அதற்குள் அவர் குடத்தை நிமிர்த்திக் குழாயடியில் வைத்துவிட்டிருப்பார். பந்து பட்டு யார் வீட்டு ஓடு உடைந்தாலும், பந்தல் காலில் மோதி யார் சட்டை கிழிந்தாலும் அவர் அங்கே இருந்தால் போதும், குற்றவாளி கிடைத்துவிடுவான். பாய் சொல்வது பொய் என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்துதான் சிரிப்பார்கள். எங்கள் தெருவில் அது ஒரு வசதியாகவே ஆகிவிட்டது.

எங்கள் வீட்டுக்கும் அந்த வசதி கிடைத்திருக்கிறது. என் நைனா மல்லாட்டை மண்டியில் கடலை மூட்டை தூக்குகிறவர். ஒரு நாள் கால் இடறி, முதுகில் இருந்த மூட்டை விழுந்து, வாசலெல்லாம் மல்லாட்டை சிதறிவிட்டது. மண்டிக்காரர் கையை ஓங்கிக்கொண்டு வந்தார். தராசுத் தட்டுக்குப் பற்றவைக்க அங்கே போயிருந்த பாய் குறுக்கே வந்து, “நான்தாங்க. என் ஒயர் அவரு கால்ல மாட்டிகிச்சி” என்றிருக்கிறார். ஓங்கிய கை அவர் கன்னத்தில் இறங்கியது. கீழே விழுந்த மூக்குக்கண்ணாடியை எடுத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு, குனிந்து நைனாவோடு சேர்ந்து மல்லாட்டை பொறுக்கினாராம். வீட்டுக்கு வந்த நைனா, “பைத்தியக்காரன்டா அவன்” என்றார். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை.

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். காலேஜில் சேர்ந்த புதிது. உண்மை, பொய் என்பதில் எனக்குக் கொஞ்சம் முறுக்கு ஜாஸ்தி. “பண்ணாதத பண்ணேன்னு சொல்றது தப்பு பாய்” என்று ஒரு நாள் அவரிடமே சொல்லிவிட்டேன்.

“சண்டைக்கு ஒரு ஆளு வேணும்பா. ஆளு கெடச்சிட்டா அது படுத்துக்கும்” என்றார். “அப்புறம் ஒடஞ்சது இன்னான்னு பாக்கலாம்ல?”

எனக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. இன்றைக்கும் முழுதாகப் பிடித்ததென்று சொல்ல முடியாது. கேட்டதும் ஆள் கிடைக்கும் என்று இந்த ஊரைப் பழக்கியதில் அவருக்கும் பங்கு உண்டு என்று சில சமயம் அவர் மேலேயே கோபம் வரும். ஆனால் அந்தக் கோபம் நிற்பதில்லை. மண்டி வாசலில் அறை வாங்கியது யார் கன்னம் என்ற நினைப்பு வந்ததும் அடங்கிவிடும்.

ஒரு காண்ட்ராக்டர் மூலம் அவருக்குக் கடலோரத்தில், ராக்கெட் விடும் தீவில் வேலை கிடைத்தது. தண்ணீர்க் குழாய்க்கு வெல்டிங். மாதம் ஒரு தடவை, இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை ஊருக்கு வருவார். தண்ணீர்க் குழாய் என்று அவர் எத்தனை தரம் சொன்னாலும் தெரு காதில் வாங்கவில்லை. அவர் ராக்கெட் பாய் ஆகிவிட்டார். டீக்கடைக்காரர் கோயிலுக்கு வருகிற வெளியூர்க்காரர்களிடம், “நம்ம பாய்தான் அங்க ராக்கெட்ட கொளுத்தி வுட்றாரு” என்று அறிமுகம் செய்வார்.

“அட நான் கொழாய்க்குப் பத்தவெக்கிற ஆளுபா. ராக்கெட்ட பஸ்ஸுல போறப்ப தூரத்துலருந்து பாத்ததோட சரி.”

“ரகசியம். வெளிய சொல்லக்கூடாதுல்ல?” என்று கண்ணடிப்பார் டீக்கடைக்காரர்.

எழுபத்தொன்பதாம் வருஷம் ஆனிக் கடைசியில் முதலில் ஸ்கைலாப் வந்து பயம் காட்டியது. அமெரிக்காக்காரன் வானத்தில் விட்ட ஆய்வுக்கூடம் நம் தலையில்தான் விழும் என்று ஊரே நடுங்கிற்று. ஆட்டை விற்பதைவிட அடித்துத் தின்றுவிடலாம் என்று ஒரு கும்பல் அலைந்தது. அது எங்கோ விழுந்து தொலைந்தது. பயம் போன கையோடு, ஆடியில் நம் தேசத்து ராக்கெட்டே கிளம்பிய சற்று நேரத்தில் கடலில் விழுந்துவிட்டதாக ரேடியோவில் சொன்னார்கள். டில்லியில் ஆட்சி கவிழ்ந்து, தேர்தல் வரும் என்று எல்லாக் கட்சிக்காரர்களும் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்த சமயம் அது.

நோன்பு மாதம். பாய் லீவில் ஊருக்கு வந்திருந்தார். இந்தத் தடவை கொஞ்சம் சந்தோஷமாகவே வந்திருந்தார். காண்ட்ராக்ட் ஆள் என்பது போய், அவரை நிரந்தரமாக எடுத்துக்கொள்ளப் போகிறார்களாம். ஊர் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து ஆள் நல்ல ஆள் என்று சொல்லிவிட்டால் புது கேட் பாஸ் கையில் கிடைத்துவிடும். அதற்காகத்தான் வந்தார்.

நோன்பு துறந்துவிட்டு அவர் டீக்கடைக்கு வந்தபோது பெஞ்சில் இரண்டு கட்சிக்காரர்கள் ராக்கெட்டைப் பிய்த்துக்கொண்டிருந்தார்கள்.

“உங்காளுங்க சாமான்ல கமிஷன் அடிச்சாங்க, அதான் வுழுந்துச்சி!”

“டேய், உங்காளுங்க காலத்துல வாங்குன சாமான்டா அது!”

ஒருவன் பெஞ்சுக் காலைத் தூக்கினான். இன்னொருவன் டீ கிளாஸை ஓங்கினான். பாய் நடுவில் போய் நின்றார். கையைத் தடவிக்கொண்டார்.

“நான்தான்யா தள்ளிவுட்டேன். உக்காருங்க, டீ ஆறிப்போவுது.”

கடையே சிரித்தது. பெஞ்சு கீழே இறங்கியது. எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவர் எங்கள் பகுதி வட்டச் செயலாளர். அவர் பிறந்து வளர்ந்ததும் எங்கள் தெருதான். சின்ன வயதில் அவர் உடைத்த ஜன்னலுக்குக்கூட பாய் ‘நான்தான்’ சொல்லியிருக்கிறார். அன்றைக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் எதிர்ப் பெஞ்சில் இருந்து பார்த்தேன்.

அந்த மனிதர்தான் இரண்டு நாள் கழித்துப் பொதுக்கூட்ட மேடையில் மைக்கைப் பிடித்தார். “உங்க பணம், என் பணம், கோடி கோடியா கடல்ல போச்சு! ஏன் போச்சு? யாரு தள்ளிவிட்டது? நம்ம ஊர்லயே ஒருத்தன், அந்தத் தீவுல வேலை பாக்குறவன், டீக்கடையில உக்காந்து ‘நான்தான் தள்ளிவிட்டேன்’னு மார்தட்டுறான்! அவனுக்குக் கூலி குடுத்தது எந்த நாடு? அவன் மனசு எந்த நாட்டுல இருக்குது? இந்த அரசாங்கம் கேட்டுச்சா?”

கைதட்டல். அதில் டீக்கடையில் சிரித்தவர்களின் கைகளும் இருந்தன. கடைசிக் கேள்வியில் இருந்த விஷம் யாருக்கும் புரியாமல் இல்லை. பாயுடைய பாட்டனுக்குப் பாட்டன் இந்த ஊரில் தகரம் தட்டியவர். இந்த ஊர் நேர்ந்துகொண்ட நெய்யெல்லாம் அவர் வீட்டு ஈயத்தை நம்பித்தான் மலை ஏறியிருக்கிறது. மனசு எந்த நாட்டில் இருக்கிறதாம்!

மறுநாள் போலீஸ் வந்தது. பாயை அழைத்துப்போய்ச் சாயங்காலம் அனுப்பினார்கள். “தினமும் வந்து நில்லு. விசாரணை முடியட்டும். அப்புறம் பாஸப் பத்திப் பேசலாம்” என்றாராம் சப்-இன்ஸ்பெக்டர்.

எனக்கு அப்போது விஷயம் ரொம்ப எளிதாகத் தெரிந்தது. தெருவிலிருந்து நாலு பேர் ஸ்டேஷனுக்குப் போய், ‘இவர் எப்பவும் இப்படித்தான் சொல்லுவாரு, விளையாட்டுக்கு’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தெரு முழுக்க அதற்குச் சாட்சி இருந்தது. வீடு வீடாகப் போனேன்.

டீக்கடைக்காரர் அடுப்பை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “நான் கட நடத்தணும் தம்பி. கட்சிக்காரன் நாலு பேரு வந்து உக்காந்தான்னா என் பொழப்பு போச்சி.”

“நீங்கதான அவர ராக்கெட் பாய்னு சொல்லிச் சொல்லி...”

“அது அப்ப.”

குழாயடியில் பாயால் எத்தனையோ சண்டை ஓய்ந்துபோன அந்த அம்மாள், “அவன் சொன்னானா, சொல்லலியா?” என்று என்னையே திருப்பிக் கேட்டாள்.

“சொன்னாரு. ஆனா...”

“சொன்னான்ல? அப்புறம் நான் போயி போலீஸ்ல பொய் சொல்லணுமா? படிச்ச புள்ள பேசற பேச்சா இது?”

கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்தவர் என்னை வாசலிலேயே நிறுத்திக் குரலைத் தாழ்த்தினார். “உனக்கு உலகம் தெரியாது. அவங்கள நம்ப முடியாதுப்பா.” அவர் வீட்டு இரும்பு கேட்டில்தான் சாய்ந்துகொண்டு பேசினார். பாய் போட்டுக் கொடுத்த கேட் அது.

அந்தச் சாயங்காலம் எனக்கு ஒன்று புரிந்தது. அவர் சொன்னது பொய் என்பது அத்தனை பேருக்கும் தெரியும். இத்தனை வருஷம் சிரிப்பதற்குத் தெரிந்த அந்த விஷயம், ஒரு மனிதனின் வேலையைக் காப்பாற்றுவதற்கு மட்டும் தெரியாமல் போய்விட்டது.

கடைசியில் புறப்பட்டது என் அம்மா ஒருத்திதான். நைனாவும் வருகிறேன் என்றுதான் சொன்னார். மண்டியில் லோடு வந்து நின்றது, விடவில்லை. அம்மா தலையை வாரிக்கொண்டு, நல்ல புடவையாக எடுத்துக் கட்டிக்கொண்டு என்னோடு வந்தாள். ஸ்டேஷன் வராந்தாவில் பாய் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். நோன்பு வாய் காய்ந்து வெளுத்திருந்தது.

“நீதான அத்த சொன்னது?” என்று சப்-இன்ஸ்பெக்டர் எங்கள் எதிரிலேயே கேட்டார்.

“ஆமாங்க. சொன்னது நான்தான். சொன்னது மட்டுந்தாங்க.”

அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. முன்னால் போய்விட்டாள். “சாமி, இவன் சொல்றது எதையும் எடுத்துக்காதீங்க. இவன் வாயத் தொறந்தா பொய்யிங்க. கொடத்த நான் ஒடைச்சேம்பான், ஒடைச்சிருக்க மாட்டான். மண்டில எங்க ஊட்டுக்காரரு மூட்டைய நான்தான் வுழ வெச்சேன்னான், அதுவும் பொய்யி. அறை வாங்கிகினான். சின்னப் புள்ளைலருந்தே இப்படித்தான் சாமி. யாரு வேணா கேட்டுப் பாருங்க.”

“அப்ப இந்தாளு பொய்யன்ற?”

“ஆமா சாமி!” என்றாள் அம்மா. அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. ஒருவழியாக அதிகாரிக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

சப்-இன்ஸ்பெக்டர் ரைட்டர் பக்கம் திரும்பினார். “எழுதுய்யா. பொய் பேசுற பழக்கம் உள்ள ஆசாமி. நம்பத் தகுந்தவர் இல்லன்னு அக்கம்பக்கத்துல சொல்றாங்க.”

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. பிரின்ஸ்பாலிடம் சொல்லிக் காலேஜை விட்டே நிறுத்திவிடுவேன் என்று விரலை நீட்டினார் சப்-இன்ஸ்பெக்டர். நல்லது ஒன்று சொல்ல வந்த ஒரே மனுஷியின் வாயிலிருந்து வேண்டியதை மட்டும் உருவிக்கொண்ட சாமர்த்தியத்தை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை. அவருக்கு ராக்கெட்டும் தெரியாது, பாயையும் தெரியாது. மேடையில் ஒரு பெயர் அடிபட்டது. அதற்கு ஏற்றபடி ஒரு தாள் வேண்டும். அவ்வளவுதான்.

வெளியே படியில் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். “நான் இன்னாடா தப்பா சொல்லிட்டேன்?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அதற்குள் பாய் பின்னாலேயே வந்துவிட்டார். முன்கையைத் தடவிக்கொண்டார்.

“உம்மேல தப்பு இல்ல யக்கா. நான்தான். உன்ன இங்க வரைக்கும் வர வெச்சிட்டேன் பாரு.”

அவர் வாயிலிருந்து நான் கேட்ட கடைசி ‘நான்தான்’ அது.

பாஸ் வரவில்லை. காண்ட்ராக்டரும் வேறு ஆளைப் போட்டுக்கொண்டார். அந்தக் கார்த்திகையில் நெய் டின்கள் எங்கள் தெருமுனையைத் தாண்டித் தேரடிப் பக்கம் ஒரு கடைக்குப் போயின. பெரியவர் அடுப்பில் கரி போட்டு, இரும்பைக் காய வைத்துக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார். தீபம் ஏறிய சாயங்காலம் தெருவோடு சேர்ந்து அவரும் வெளியே வந்து நின்று மலையைப் பார்த்தார். ஒருவரும் அவரோடு பேசவில்லை. பாய் செங்கம் ரோட்டில் ஒரு கிரில் பட்டறையில் கூலிக்குச் சேர்ந்தார். கூட்டமாக ஆள் நிற்கிற இடத்தில் நிற்பதை விட்டுவிட்டார். பின்னால் வாணியம்பாடிக்குப் போய்விட்டார், அங்கேதான் இப்போதும் இருக்கிறார் என்று கேள்வி.

போவதற்கு முன் இன்னும் ஒன்று நடந்தது.

அடுத்த வருஷ ஆடியில் அதே தீவிலிருந்து கிளம்பிய ராக்கெட் ஒழுங்காக மேலே போனது. ரேடியோ அன்றைக்கெல்லாம் அதையே சொன்னது. சாயங்காலம் தெருமுனையில் சரவெடி. வட்டச் செயலாளர் லட்டு டப்பாவோடு, கையில் ரோஜா மாலையோடு, ஆட்களோடு வந்தார். பட்டறையிலிருந்து சைக்கிளில் வந்துகொண்டிருந்த பாயை மறித்து இறக்கினார்.

“தம்பிங்களா, இதப் பாருங்க! ராக்கெட் வுட்ட கை இது! நம்ம தெரு ஆளு! நம்ம மண்ணு! போன வருஷம் எவன் எவனோ எது எதுவோ சொன்னான். நம்ம பாய் சாதிச்சிக் காட்டிட்டாருல்ல?”

எவன் எவனோ சொன்னானாம். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு மயிர்கூட அசையவில்லை. சுற்றி நின்ற தெருவும் கைதட்டியது. அதே கைகள். டீக்கடைக்காரர் கடையை விட்டு இறங்கி ஓடிவந்தார். அவர் அப்போதே யாரிடமோ, “ராக்கெட் பாய், ராக்கெட் பாய்” என்று சொல்ல ஆரம்பித்திருந்தார்.

வட்டச் செயலாளர் ஒரு லட்டை எடுத்துப் பாயின் வாயில் திணிக்கப் போனார். அந்த வருஷமும் நோன்பு மாதம்தான். பாய் முகத்தைத் திருப்பி, லட்டைக் கையில் வாங்கிக்கொண்டார். மாலை அவர் தலைக்கு மேலே உயர்ந்தது. அவர் ஓரடி பின்னால் நகர்ந்தார். கையைத் தடவிக்கொள்ளவில்லை.

“நான் இல்லீங்க” என்றார்.

“அட, அடக்கத்தப் பாருய்யா!”

“நான் இல்லீங்க. தண்ணிக் கொழாய்க்கு பத்தவெச்சவன் நானு. அதுவும் போன வருஷம். இது வேற ஆளுங்க பண்ணது. அவங்க பேரு எனக்குத் தெரியாது.”

குரல் உயரவில்லை. ஆனால் சரவெடி ஓய்ந்திருந்ததால் எல்லோருக்கும் கேட்டது. அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை அந்தத் தெரு கேட்டதே இல்லை. வட்டச் செயலாளர் தூக்கிய மாலையோடு நின்றார். கொண்டுவந்த மாலைக்கு ஒரு கழுத்து வேண்டுமே. கடைசியில் கொண்டுபோய் டீக்கடை ரேடியோவின் மேல் போட்டார். அதற்கும் கைதட்டினார்கள்.

மாலையைப் போட எக்கியபோது யாருடைய முழங்கையோ பட்டு, கண்ணாடி அலமாரி சரிந்து விழுந்தது. பன், பிஸ்கட், கண்ணாடிச் சில்லு எல்லாம் தரையில்.

“எவன்டா அது? எவன்டா இடிச்சது?” என்று அலறினார் டீக்கடைக்காரர்.

“நான் இல்ல, இவன்தான்!”

“தே, யாரப் பாத்துச் சொல்ற?”

சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். அப்புறம், பழக்கம்தானே, ஒவ்வொரு தலையாகத் திரும்பியது. வட்டச் செயலாளர், டீக்கடைக்காரர், குழாயடி அம்மாள், கேட்டின் மேல் சாய்ந்திருந்த குமாஸ்தா, எல்லோரும் பாயைப் பார்த்தார்கள். அவர் இப்போது சொல்லிவிடுவார் என்று அவர்கள் முகத்தில் சிரிப்புகூட எட்டிப் பார்த்தது.

நோன்பு துறக்கும் நேரம், பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். பாய் லட்டை டப்பாவிலேயே திரும்ப வைத்தார். ஜேபியிலிருந்து ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, சில்லு குத்தாதபடி சைக்கிளைத் தூக்கிப் பிடித்து அந்தப் பக்கம் வைத்து, ஏறிப் போய்விட்டார்.

அன்றைக்கு அந்தச் சண்டை ஓய வெகுநேரம் ஆயிற்று.